கவுனில் ஏறிய வாடை

இரண்டு முறை துவைத்தாகிவிட்டது, வாடை போகவில்லை. சலவைக் கடை நடத்துகிறவள் அவள். மீன் விற்பவரின் சட்டையும் மெக்கானிக்கின் பேண்ட்டும் அவள் கைக்குப் பணிந்து போனவை. இந்தச் சின்னக் கவுன் மட்டும் அடம்பிடித்தது. முகர்ந்தால் முதலில் புளித்த பால், அதற்கடியில் காய்ந்த எச்சில், அதற்கும் அடியில், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் செத்து யார் கண்ணிலும் படாமல் கிடந்த எலியின் ஈரம்.

எல்லாம் நாய்க்குட்டி ஆசையால் வந்த வினை. ஏழு வயது மகள் ஒரு மாதமாக அதே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள். இவளுக்கோ நாய் மயிர் என்றாலே அருவருப்பு. "வீட்டுல ஏற்கனவே ஒரு மோப்ப நாய் இருக்கே" என்று கணவன் அவள் மூக்கைக் கிண்டல் செய்தான். வாங்கலாமா வேண்டாமா என்று அவள் அல்லாடியபோது, கடையில் இஸ்திரி போடும் அக்கா ஒரு வழி சொன்னாள். குட்டி போட்ட வீட்டில் ஒரு பழந்துணியைக் கொடு, தாயும் குட்டிகளும் அதில் ஒரு வாரம் புரளட்டும், பிறகு துணி முதலில் உன் வீட்டுக்கு வரட்டும். அந்த வாடையைப் பொறுக்க முடிந்தால் குட்டியை வாங்கு, முடியாவிட்டால் விட்டுவிடு.

பழந்துணி போதும் என்றுதான் அக்கா சொன்னாள். குட்டிக்கும் மகளின் வாசனை பழகட்டுமே என்று இவள்தான் கூடுதல் புத்தியோடு, மகள் இரவெல்லாம் போட்டுக் கழற்றிய கவுனைத் துவைக்காமல் கணவனிடம் கொடுத்தனுப்பினாள். அவன் அதைக் கொடுத்துவிட்டு அப்படியே வெளியூர் வேலைக்குப் போய்விட்டான். திரும்ப வாங்கி வந்தது இவள்.

வந்ததிலிருந்து மகள் அந்தக் கவுனை விடவே இல்லை. கொடியிலிருந்து ஈரத்தோடு உருவிப் போட்டுக்கொண்டு தூங்கினாள். மறுநாள் காலையில் தலை வாரப்போனால் சீப்பு இறங்கவில்லை. முடி முழுவதும் ஒரே பக்கமாகப் படிந்து, கஞ்சி போட்ட காலர்போல விறைத்திருந்தது. விரலில் ஒட்டியதை முகர்ந்தாள். அதே வாடை. காது மடலில், கழுத்து மடிப்பில், கண் இமைகளில்கூட அந்தப் பிசின். மகளைத் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டினாள். அடுத்த நாளும் அப்படியே. மகள் சாப்பாட்டைத் தள்ளிவைத்தாள், பசிக்கவில்லையாம். வயிறு மட்டும் உப்பியிருந்தது.

அன்று சாயங்காலம் முடிவெடுத்துவிட்டாள். நாய் வேண்டாம். பள்ளி விட்டு வந்ததும் படுத்துவிட்ட மகளின் அறைக் கதவைச் சாத்திவிட்டு, குட்டி விற்கிறவருக்குப் போன் செய்தாள். வாடையைப் பற்றிச் சொல்லி, தாய் நாய்க்கு ஏதாவது நோயா என்று கேட்டாள்.



"தாய் குட்டி போடும்போதே செத்துப்போச்சும்மா. கவுன் குடுக்க வந்தப்பவே உங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேனே."

அப்படியானால் கவுனில் படுத்தது எது என்று கேட்டாள்.

"தெரியலைம்மா. குட்டிங்களைப் பின்னாடி ரூம்ல போட்டிருந்தேன். காலையில பார்த்தா எல்லாத்துக்கும் வயிறு ரொம்பியிருக்கும், உடம்பெல்லாம் நக்கி விட்டிருக்கும். ஏதோ தெருநாய் வந்து பால் குடுக்குதுன்னு நானும் விட்டுட்டேன்." குரல் தாழ்ந்தது. "நீங்க கவுனை எடுத்துட்டுப் போன அன்னியிலேருந்து அது வரலை. குட்டிங்க பசியில கத்துதுங்க."

போனை வைத்தாள். முதலில் குளியலறைக் குழாய் ஒழுகுகிறதென்றுதான் நினைத்தாள், ஆனால் ஈரத் துணியைத் தரையில் மெல்ல இழுத்து, நிறுத்தி, மறுபடி அவசரமில்லாமல் இழுப்பது போன்ற அந்தச் சத்தம் மகளின் அறையிலிருந்து வந்தது, அதற்கு நடுநடுவே சப்புகிற சத்தமும் கேட்டது.

நடந்தாள். கால் வழுக்கியது. தரையெல்லாம் பிசுபிசுப்பு. வாடை. கதவு.

ஜன்னலில் வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. கட்டிலில் போர்வை மேடாக இருந்தது. ஒரு சிறுமிக்கு அத்தனை மேடு தேவையில்லை. மயிரில்லாத, சாம்பல் நிறமான ஏதோ ஒன்று, காலோ முழங்கையோ, கட்டில் போதாமல் வெளியே தொங்கியது. மகள் அந்த மேட்டில் முகம் புதைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். அகலமான நாக்கு ஒன்று அவள் நெற்றியில் தொடங்கி, பின்மண்டை வரை முடியைப் படிய வாரிக்கொண்டிருந்தது.

மகள் வாயை எடுத்தாள். உதட்டில் மஞ்சளாகப் பால்.

"சத்தம் போடாதம்மா" என்றாள். "அம்மா தூங்கப் போறாங்க."

நாக்கு நின்றது. போர்வைக்குள்ளிருந்து காற்றை முகரும் சத்தம். அவள் தன் கைகளைப் பார்த்தாள். துவைத்துத் துவைத்து, முகர்ந்து முகர்ந்து, அவளிடமும் ஏறியிருந்தது அந்த வாடை.

போர்வையின் ஓரம் மெல்ல உயர்ந்தது, இன்னொரு குட்டிக்கு இடம் விட்டு.