பதினோரு பெண்களின் ரத்தம்

காலை 9:10.

ஆய்வகத்தின் பூட்டிய அலமாரிக்குள் வைத்தே பதினோரு பெண்களின் மலேரியா காணாமல் போயிருந்தது.

டெக்னீஷியன் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கி, கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி குனிந்தார். நாற்பது கர்ப்பிணிகளின் ரத்த ஸ்லைடுகள். திங்கட்கிழமை அவரும் மலேரியா ஆராய்ச்சி செய்யும் ஆய்வாளரும் பார்த்தபோது பதினொன்றில் கிருமி இருந்தது. இன்று வெள்ளி. மறுபார்வையில் ஒன்றில்கூட இல்லை.

மாவட்ட மலேரியா ஒழிப்புத் திட்டத்தின் இயக்குநர் யோசிக்கவே இல்லை. போலீசைக் கூப்பிட்டார்.

காலை 9:50.

இன்ஸ்பெக்டர் ஆறு மாத வயிற்றோடு படியேறி வந்து, கேட்காமலே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சாவி எத்தனை?"

"மூணு" என்றார் டெக்னீஷியன். "எனக்கு ஒண்ணு, ஆய்வாளர் மேடத்துக்கு ஒண்ணு, இயக்குநர் சாருக்கு ஒண்ணு."

"திருட்டு இல்ல மேடம், இது மோசடி" என்று இயக்குநர் குறுக்கிட்டுத் தும்மினார். "இந்த ஆய்வாளரம்மா பொய்யா பதினொண்ணுன்னு எழுதிட்டாங்க. டெக்னீஷியன் அக்காவும் ஒத்து ஊதிட்டாங்க. நான் இருபது வருஷம் ஸ்லைடு பாத்தவன். கிருமியத் தவிர வேற எதையும் என் கண்ணு தேடினதில்ல. நானும் இப்பப் பாத்துட்டேன், சுத்தமா இருக்கு." மறுபடி ஒரு தும்மல். கைக்குட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"அந்தப் பெண்களை மறுபடி குத்திப் பாத்துடலாமே?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"மருந்து குடுத்து நாலு நாளாச்சு" என்றார் ஆய்வாளர். "இப்ப ரத்தத்துல கிருமி இருக்காது. ஸ்லைடு மட்டும்தான் சாட்சி. பன்னிரண்டு மணிக்கு விழா. 'மலேரியா இல்லாத மாவட்டம்'னு அறிவிச்சுட்டா, நாளையிலேர்ந்து கர்ப்பிணிகளுக்கு ரத்தப் பரிசோதனை கிடையாது. அதுக்கப்புறம் காய்ச்சல் வந்தா தாயும் போகும், பிள்ளையும் போகும். கேட்க நாதியிருக்காது."

"தப்ப ஒத்துக்கிட்டு ராஜினாமா எழுதிக் குடுங்க. கேஸ் வேண்டாம்னு நானே சொல்லிடறேன்" என்றார் இயக்குநர், பெருந்தன்மையாக.

"எழுத மாட்டேன். எனக்கு ஒரு மணி நேரம் மைக்ராஸ்கோப் வேணும்."

இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "எடுத்துக்கங்க."

காலை 11:00.

"என்ன கிடைச்சுது?"

"இந்தப் பதினொண்ணும் கர்ப்பிணிங்க ரத்தமே இல்ல. பொம்பள ரத்தமே இல்ல" என்றார் ஆய்வாளர்.

இயக்குநர் சிரித்தார். "ரத்தத்துல ஆம்பள பொம்பள எழுதியா இருக்கு?"

"எழுதித்தான் இருக்கு சார். பெண்ணோட வெள்ளணுவுல நூத்துக்கு ரெண்டு மூணுலயாவது, உட்கருவோட ஓரத்துல ஒரு குட்டிக் குமிழ் தொங்கிட்டிருக்கும். ஆணுக்கு அது கிடையாது. மீதி இருபத்தொம்பது ஸ்லைடுலயும் குமிழ் இருக்கு. இந்தப் பதினொண்ணுல, ஒவ்வொண்ணுலயும் நூறு அணு எண்ணிட்டேன். ஒண்ணுகூட இல்ல. யாரோ நிஜ ஸ்லைடை எடுத்துட்டு, அதே நம்பரைப் பென்சில்ல எழுதி, வேற ரத்தத்தை வச்சிருக்காங்க."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சாவி வைத்திருக்கும் மூவரில் ஆண் ஒருவர்தான்.

"யாரோ ஒருத்தன் ரத்தம்!" இயக்குநரின் குரல் ஏறியது. "அது என்னோடதுன்னு எப்படிச் சொல்லுவே?"

"பதினொண்ணுலயும், ஒவ்வாமையில பெருகுற ஈசினோஃபில் அணு மூணுல ஒரு பங்கு. ஈசினோபீலியா சார். சதா தும்மிட்டிருக்கிறவங்க ரத்தத்துல சாதாரணமா பாக்கிறது. வந்ததுலேர்ந்து எத்தனை தடவை தும்மினீங்க?"

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். தும்மல்தான் வந்தது.

ஆய்வாளர் ஊசியை எடுத்துத் தன் விரலைக் குத்தி ஸ்லைடில் தேய்த்தார். டெக்னீஷியன் கேட்காமலே விரலை நீட்டினார். மூன்றாவது ஸ்லைடு மேஜையில் வெறுமையாகக் கிடந்தது.

"உங்க முறை சார்" என்றார் இன்ஸ்பெக்டர்.

இயக்குநர் இரண்டு கைகளையும் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

"இருபது வருஷம் கிருமிய மட்டுமே தேடினீங்க" என்றார் ஆய்வாளர். "அதனால கிருமி இல்லாத ரத்தம் போதும்னு நெனச்சுட்டீங்க. சுத்தி இருக்கிற மனுஷ ரத்தத்தை ஒரு தடவைகூட நீங்க பாக்கல."

"இந்த மாவட்டத்துல பத்து வருஷ உழைப்பு!" இயக்குநர் உடைந்துபோய்க் கத்தினார். "பதினோரு பேருக்காக ஒரு மாவட்டத்தோட பேரே போகணுமா?"

"போகட்டும். நிஜ ஸ்லைடு எங்க?" என்றார் ஆய்வாளர்.

அவர் பார்வை தன் கைப்பையின் பக்கம் போனது. இன்ஸ்பெக்டர் அதைத் திறந்தார். பழைய செய்தித்தாளில் சுற்றி, பதினொன்றும் பத்திரமாக இருந்தன. அவற்றை உடைக்க அந்த இருபது வருஷக் கைக்கு மனம் வரவில்லை போலும்.

பகல் 12:00.

விழா மண்டபத்தில் மைக்கைப் பிடித்தவர் ஆய்வாளர்.

"இது மலேரியா இல்லாத மாவட்டம் இல்ல. நாப்பது கர்ப்பிணிகள்ல பதினோரு பேருக்கு இருந்துச்சு. கைதட்ட வந்தவங்க வீட்டுக்குப் போகலாம். பரிசோதனையை யார் நிறுத்தினாலும் நாளைக்குக் காலையில நான் கிளினிக்ல ஊசியோட உக்காந்திருப்பேன்."

யாரும் கைதட்டவில்லை. மேடைக்கு அழகாக இருக்கட்டும் என்று முன்வரிசையில் கூட்டி வந்து உட்கார வைத்திருந்த கர்ப்பிணிகளில் ஒருத்தி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள்.

"நாளைக்கு வரைக்கும் எதுக்கு?" என்று விரலை நீட்டினாள். "இப்பவே பாருங்க."