இல்லாத கணவனுக்கு ஒரு சாவி

"ரூம் நம்பர் த்ரீ ஒன் செவன், மேடம்!"

ஹோட்டலின் வரவேற்பு மேஜைக்குப் பின்னால் நின்றவன் வாய் நிறையச் சொல்லிச் சாவியை நீட்டினான். லிஃப்டுக்குக் காத்திருந்தவர்கள், சோபாவில் பத்திரிகை விரித்திருந்த வழுக்கைத் தலை, கண்ணாடிக் கதவைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்... எல்லோர் காதிலும் விழுந்தது.

அவள் நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். மழையில் நனைந்த துப்பட்டாவிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கண்களில் மட்டும் ஈரமில்லை. அங்கே நெருப்பு.

"எனக்கு வேறு அறை வேண்டும்," என்றாள் ஆங்கிலத்தில்.

"இது நல்ல அறை. ஜன்னலைத் திறந்தால் ஆறு தெரியும்."

"நான் எந்த அறையில் இருக்கிறேன் என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. எனக்கு ஆறு தெரிந்து என்ன செய்ய?" என்றவள், முகத்தைத் திருப்பிக்கொண்டு தமிழில் முணுமுணுத்தாள். "தொண்டையா அது... மைக் செட்டு!"

"பிறவித் தொண்டைங்க மேடம். மாத்த முடியாது. ரூமை வேணா மாத்தலாம்."

தமிழ்!

விருட்டென்று நிமிர்ந்தாள். அவன் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கியதில் உதட்டோரம் மட்டும் துடித்தது. இடது கண்ணில், கருவிழியின் கீழ் விளிம்பில், தேன் நிறத்தில் துளியூண்டு ஒரு புள்ளி...

அதைக் கவனித்தது தொழில் பழக்கம். விபத்திலும் நோயிலும் கண்ணை இழந்தவர்களுக்குச் செயற்கைக் கண் செய்து பொருத்துகிறவள் அவள். யாரைப் பார்த்தாலும் முதலில் விழியின் நிறத்தைத்தான் பார்ப்பாள். அதற்கு மேல் ஒன்றுமில்லை. சத்தியமாக ஒன்றுமில்லை...

'நம்ம பாஷை பேசறான்னு உடனே உருகிடாதே.' தனியாக வெளிநாடு போகிற பெண்களுக்கு என்று அவள் தன் தங்கைக்குச் சொன்ன ஆலோசனைகளில் இதுவும் ஒன்று. உருகவில்லை.

"என் தப்புதான் மேடம். ஸாரி." அவன் ஒரு துண்டுச் சீட்டில் புது எண்ணை எழுதி, கவிழ்த்து, அவள் பக்கம் நகர்த்தினான். இந்த முறை வாயே திறக்கவில்லை.

"ரெண்டு சாவி குடுங்க. என் ஹஸ்பெண்ட் பின்னாடி வர்றார்."

அந்தக் கணவர் பிறந்து இன்னும் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. விமான நிலையத்திலிருந்து வந்த டாக்ஸியில், 'தனியாகவா வந்திருக்கிறீர்கள்?' என்று டிரைவர் கேட்ட நொடியில் பிறந்தவர்.

அவன் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மறுபடி திரையை...

"தாராளமா," என்று இரண்டாவது சாவியையும் வைத்தான்.

*

"அக்கா, மாமா வந்துட்டாரா?"

போனில் தங்கை. வீட்டில் எல்லோருக்கும் அவள் 'வாலு'.

"எந்த மாமாடி?"

"அதான், டாக்ஸியில ஒருத்தரைப் பெத்துப் போட்டியே!"

"லொள்ளு பண்ணாம கேளு. ஹோட்டல்ல கதவைத் தட்டினா உடனே திறக்கக் கூடாது. கீழே ரிசப்ஷனுக்குப் போன் பண்ணி, ஆள் அனுப்பினீங்களான்னு கேட்டுட்டுத்தான் திறக்கணும். இப்பக்கூடத் தட்டினாங்க. கேட்டேன். அவன்தான் அனுப்பியிருக்கான்."

"என்ன அனுப்பினான்?"

"டவல். ரெண்டு."

"அவன்னா எவன்?"

"சாவி குடுக்கிறவன்."

"ஓகோ... சாவிக்காரர்!" வாலு அந்தப் பெயரை ருசித்துச் சொன்னாள். அப்புறம் குரல் இறங்கியது. "அக்கா... பத்திரமா இருந்துட்டு வந்துடு. உன்னை நம்பித்தான் நான் இருக்கேன்."

அதுதான் விஷயம். செயற்கைக் கண் செய்யும் இந்த வெளிநாட்டுப் பயிற்சிக்கு அவளைத் தேர்ந்தெடுத்த அன்றைக்கு வீடே ரெண்டு பட்டது. அப்பா இல்லாத வீட்டில் அண்ணன்தான் எல்லாம். கடைசியில் அரை மனதாகத் தலையாட்டினான். 'போ பாப்பா. ஆனா ஏடாகூடமா ஏதாவது ஆச்சு... இந்த வீட்டுல இன்னொரு பொண்ணு தனியா வெளிநாடு போற பேச்சே கிடையாது.'

இன்னொரு பெண் என்றால் வாலு. வெளிநாட்டில் படிக்க அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. அக்கா போன மாதிரியே திரும்பி வந்தால் தங்கை போகலாம். அவ்வளவுதான் கணக்கு.

*

மறுநாள் காலை அறைக்கு இரண்டு கப் காபி வந்தது. அதற்கடுத்த நாளும்.

"சார் இன்னும் வரலைங்களா மேடம்?" வெளியே கிளம்புகிறவளை மேஜைக்குப் பின்னாலிருந்து குரல் நிறுத்தும். ரகசியம் சொல்கிற குரல். மைக் செட்டை அணைத்தே விட்டான்.

"ஃபிளைட் லேட்டு."

"மூணு நாளாவா?"

"பெரிய ஃபிளைட்டு!"

"பாவம்... அவர் காபியும் சேர்த்து யார் குடிக்கிறாங்களோ?"

"உங்களுக்கு எதுக்கு அந்தக் கவலை?"

"கவலை இல்லை மேடம். சாருக்குச் சர்க்கரை எத்தனைன்னு கேக்கலாம்னு..."

கோபமாக வெளியேறுவாள். தெருமுனை வரை கோபம் இருக்கும். முனை திரும்பியதும் சிரிப்பு வந்துவிடும். சீ... இது என்ன சிரிப்பு?

பயிற்சிக் கூடத்தில் வரிசையாக மேஜைகள். மேஜைக்கு ஒரு விளக்கு, சின்னச் சின்னத் தூரிகைகள், கிண்ணங்களில் நிறப்பொடிகள். நாணயத்தைவிடச் சிறிய வட்டத்தில் ஒரு மனிதனின் பார்வையையே வரைய வேண்டும். அன்றைக்குப் பார்த்து வரைய மாதிரிக் கண் எதுவும் தரவில்லை. 'மனதில் வரும் கண்ணை வரையுங்கள்' என்று விட்டுவிட்டார்கள். அவள் பாட்டுக்கு வரைந்தாள். கறுப்பல்ல, மழைத் தண்ணீர் பட்ட மரப்பட்டையின் பழுப்பு...

பயிற்சியாளர் அம்மாள் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். "இதென்ன, கீழே ஒரு தேன் புள்ளி? இது கற்பனை இல்லையே! யார் கண்? கணவருடையதா?"

அவளுடைய கணவர் புகழ் அங்கேயும் பரவியிருந்தது.

தூரிகை கையிலிருந்து நழுவியது. "ஆ... ஆமாம்."

மாட்டிக்கொண்டாள்! யாரிடம்? தன்னிடமே.

*

அன்று மாலை நல்ல வெளிச்சமும் நல்ல மழையும் ஒன்றாக இருந்தன. பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தவள், இரண்டாவது கடை வாசலிலேயே கவனித்துவிட்டாள். பின்னால் ஒரு கறுப்புக் குடை. நின்றால் நிற்கிறது. நடந்தால் நடக்கிறது.

ஓடவில்லை. சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போனாள். குடையும் கடந்தது. சரி, சந்தேகமே இல்லை. ஆள் நடமாட்டம் உள்ள பக்கமாகவே நடந்து ஹோட்டலுக்குள் நுழைந்தாள். லிஃப்ட் திறந்தே இருந்தது. போகவில்லை. நேராக வரவேற்பு மேஜைக்குப் போய் நின்றாள்.

குடையும் வந்து பக்கத்தில் நின்று மடங்கியது. முதல் நாள் சோபாவில் இருந்த வழுக்கைத் தலை.

"முந்நூற்றுப் பதினேழுதானே?" ஆங்கிலத்தில் குழைந்தான். "நனைந்துவிட்டீர்களே... வாருங்கள், அறைவரை நான் துணைக்கு வருகிறேன்."

மேஜைக்குப் பின்னால் இருந்தவன் முகம் வெளுத்தது. அந்த எண்ணை ஊருக்குச் சொன்னது அவன் வாய்!

அவள் ஓரடி பின்னால் நகர்ந்து, ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள். "உங்களை எனக்குத் தெரியாது. பஸ் நிறுத்தத்திலிருந்து என்னைப் பின்தொடர்ந்து வருகிறீர்கள். விலகிப் போங்கள்!"

இப்போது மைக் செட் அவள் தொண்டையில். அத்தனை தலைகளும் திரும்பின.

சாவிக்காரன் அதே உயரத்தில் குரலைப் பிடித்துக்கொண்டான். "மேடம், உங்கள் கணவர் இரண்டு தடவை கேட்டுவிட்டார். சாப்பாட்டு ஹாலில் நண்பர்களோடு இருக்கிறார். கூப்பிடட்டுமா?" கை ஏற்கெனவே போனில்.

"கூப்பிடுங்கள். அவருக்கு ஏற்கெனவே முன்கோபம்."

குடை, தான் வந்த வழியே போயிற்று. அவன் மேனேஜரை அழைத்தான், நடந்ததை ஒளிக்காமல் சொன்னான்... தான் முதல் நாள் கத்தியதையும் சேர்த்து. வழுக்கைத் தலையின் பெட்டி இருட்டுவதற்குள் வெளியே வந்துவிட்டது.

எல்லாம் அடங்கிய பிறகு அவள் மெல்லக் கேட்டாள். "எனக்கு ஹஸ்பெண்ட் இல்லைன்னு எப்பத் தெரியும்?"

"முதல் நாளே. உங்க புக்கிங்ல ஒரே ஒரு ஆள்தான்."

"அப்புறம் எதுக்கு ரெண்டு கப்பு, ரெண்டு டவல்? கேலியா?"

"இல்லை மேடம். ரூம் கிளீன் பண்றவங்க, பக்கத்து ரூம்காரங்க... யார் பார்த்தாலும் உள்ளே ரெண்டு பேர் இருக்கிற மாதிரி தெரியணுமில்ல? நீங்க பாதிப் பொய் சொன்னீங்க. மீதியை நான் சொன்னேன்."

இத்தனை நாள் தனியாகத்தான் இருந்தாள். ஆனால் ஒரு பொய்க்குக்கூடக் காவல் இருந்திருக்கிறது!

அவன் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. "என் வாயாலதான் வந்தது இது. மன்னிச்சிடுங்க."

*

அதோடு கேலி நின்றுபோனது. காபி வந்தது, டவல் வந்தது. 'குட் மார்னிங் மேடம்' வந்தது. அவ்வளவுதான். அவள் வேண்டுமென்றே மேஜை அருகே நின்று குடையை உதறினாள், பையில் எதையோ தேடினாள்... அவன் கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

போகட்டும். தானாகப் போய்ப் பேசுவதற்கு அவள் என்ன வழியில் கிடப்பவளா? நல்லதுதான். அண்ணன் காதில் இது விழுந்தால் என்ன சொல்வான்? 'தனியா அனுப்பினேன்... எவனையோ பிடிச்சிட்டா!' வாலுவின் படிப்பு அங்கேயே முடிந்தது. மனசே, வாயை மூடு.

வாலுவிடமே சொல்லிவிட்டாள்.

"அக்கா, எனக்காக வாயை மூடிக்காதே. நீ பயந்துட்டு வந்தா, அப்புறம் நான் தைரியமாப் போய் என்ன பிரயோஜனம்?"

*

பயிற்சி முடிந்து கிளம்புகிற நாள். பளீரென்று காலை. வாசலில் டாக்ஸி.

இரண்டு சாவிகளையும் மேஜையில் வைத்தாள். அவன் எடுத்துப் பலகையில் மாட்டினான். கையெழுத்து வாங்கினான். பிறகு மேஜையைச் சுற்றிக்கொண்டு, முதல் தடவையாக, இந்தப் பக்கம் வந்தான். நாலடி தள்ளியே நின்றான்.

"மேடம்... இப்போ நீங்க எங்க கெஸ்ட் இல்லை. உங்க சாவி என்கிட்ட வந்தாச்சு. நீங்க தூங்கற ரூமோட நம்பர் தெரிஞ்ச ஒருத்தன் உங்ககிட்ட இதைச் சொல்லக் கூடாது. அதனாலதான் இத்தனை நாள் வாயைத் திறக்கலை."

அவள் பார்வை டாக்ஸியை விட்டு அவன் பக்கம் திரும்பியது.

"இது பகல். சுத்தி ஆள் இருக்காங்க. கதவு திறந்திருக்கு, டாக்ஸி நிக்குது. நான் சொல்றது பிடிக்கலைன்னா நீங்க பாட்டுக்கு ஏறிப் போயிடலாம். நான் பின்னாடி வர மாட்டேன்..." அந்தப் பிறவித் தொண்டை இப்போது கம்மியது. "உங்களைப் பிடிச்சிருக்கு. உங்க பொய்யையும் சேர்த்து."

அவள் கைப்பையைத் திறந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தாள். மூடியைத் திறந்து அவன் முன்னால் நீட்டினாள்.

பஞ்சின் மேல் ஒரு கண். அவனையே பார்த்தது. கீழ் விளிம்பில் தேன் புள்ளி.

"ஐயோ!" இரண்டடி பின்வாங்கினான்.

"பயப்படாதீங்க. உங்களுதுதான்," என்றாள். கன்னம் சிவந்திருந்தது, குரல் நிமிர்ந்திருந்தது. "நான் யாரையும் லேசுல நம்ப மாட்டேன். ஒருத்தரை நல்லாப் பார்த்துட்டுத்தான்... பார்த்துட்டேன். போதுமா?"

போன் அடித்தது. அண்ணன்!

"கிளம்பிட்டியா பாப்பா? ஒண்ணும் பிரச்னை இல்லையே?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிடலாம்...

"ஒரு ஆள் பின்தொடர்ந்து வந்தான்ணா. நான் சமாளிச்சேன். அப்புறம் இன்னொரு ஆள்... எனக்குப் பிடிச்சிருக்கு."

எதிர்முனையில் ஏதோ கீழே விழுந்தது. "தனியா அனுப்பாதேன்னு அப்பவே என் மனசு சொல்லுச்சு..."

"தனியா அனுப்பினதாலதாண்ணா எவன்கிட்ட இருந்து விலகணும், யாரை நம்பலாம்னு நானே பார்த்து முடிவு பண்ணினேன். ரெண்டும் ஒரே கண்ணுதான். வாலுவுக்கும் அந்தக் கண்ணு இருக்கு. அவளுக்கு டிக்கெட் போடு. நான் யாரையும் கூட்டிட்டு வரலை. எப்படிப் போனேனோ அப்படியே வர்றேன். அவர் அப்புறமா வந்து உன் முன்னாடி நிப்பார். உனக்குச் சரின்னு பட்டா பேசு."

மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"...தனியாவா வர்றான்?"

"தனியாத்தான்."

"தைரியம்தான் பயலுக்கு. வரச் சொல்லு, பார்த்துக்கலாம்." கொஞ்சம் விட்டு, முணுமுணுப்பாக: "வாலு பாஸ்போர்ட்டை எங்க வச்சேன்னு தெரியலை. தேடறேன்."

பக்கத்தில் நின்றவன் எச்சில் விழுங்கினான். "மேடம்... தெரியாத ஊருக்குத் தனியா வர்ற ஆம்பளைங்களுக்குப் பாதுகாப்பு ஆலோசனை ஏதாவது...?"

"இருக்கே. பகல்ல வாங்க. எங்க அண்ணன் உட்காரச் சொல்ற வரைக்கும் உட்காராதீங்க. எங்க போறீங்கன்னு நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட சொல்லிட்டுக் கிளம்புங்க."

"யார்கிட்ட சொல்ல?"

"என்கிட்ட." சட்டென்று திரும்பி நடந்தவள், வாசலில் நின்று சொன்னாள். "அப்புறம்... மேடம்னு கூப்பிடாதீங்க. என் புருஷன் கோவிச்சுப்பார்."

டாக்ஸி நகர்ந்தது. பின்கண்ணாடியில் அவன் சின்னதாகி, சின்னதாகி, ஒரு புள்ளியானான்... தேன் நிறப் புள்ளி.

டிரைவர் கண்ணாடி வழியாகப் பார்த்தார். "தனியாகவா போகிறீர்கள், மேடம்?"

எப்போதும் சொல்கிற பதில்தான். இந்த முறை சொல்லும்போது அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டியிருந்தது.

"இல்லை. என் கணவர் பின்னால் வருகிறார்."