நடுவிலிருந்து வெளுத்த கண்ணாடி

அலாரம் அடிப்பதற்கு முன்பே எழுந்து அதை அணைத்தான். பல் தேய்த்தான். கெட்டிலில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தான், முன்பெல்லாம் இரண்டு. குளித்தான். நகம் வெட்டினான். வலது கைப் பெருவிரல் நகம் இப்போது பழையபடி ஆகிவிட்டது. போன வருடம் வேலையிடத்தில் கதவுச் சட்டம் ஒன்று விழுந்து அது கறுத்துப் போயிருந்தது. அந்தக் கறுப்பு மெல்ல நுனிக்கு நகர்ந்து, ஒரு நாள் நகவெட்டியோடு போய்விட்டது. சட்டையை மாட்டினான். துவைத்து மூன்று நாளாகியும் ஈரம் போகவில்லை. கடலை ஒட்டிய அடுக்குமாடியில் எந்தத் துணியும் முழுதாகக் காய்வதில்லை.

வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தான்.

நடையின் கோடியில் கண்ணாடிக் கதவு. அதற்குப் பின்னால் ஒரு சின்ன லாபி. அங்கே குப்பைக் குழாயும், மாடிக்கு மாடி மின்கம்பிகள் ஏறும் அலமாரியும் உண்டு. லாபியைத் தாண்டினால் படிக்கட்டுக்குப் போகும் இரும்புக் கதவு. அந்தப் பக்கம் திரும்பாமல் நேராக லிஃப்ட்டுக்குப் போவதுதான் அவன் வழக்கம். அன்று திரும்பிவிட்டான்.

கண்ணாடியின் நடுவில், தோள் உயரத்தில், ஒரு நாணயம் அளவுக்கு வெள்ளையாக ஏதோ இருந்தது.

சட்டைக் கையால் துடைத்தான். போகவில்லை. நகத்தால் சுரண்டினான். வழவழவென்று இருந்தது. வெள்ளை கண்ணாடிக்கு மேலே இல்லை, உள்ளே இருந்தது.

இந்தக் கண்ணாடிதான் அவன் பிழைப்பு. தீ தாங்கும் கண்ணாடி விற்கும் கம்பெனியில், பொருத்திய கதவுகளைச் சரிபார்க்கும் வேலை. கண்ணாடிகளுக்கு நடுவே தண்ணீர் போலத் தெளிவான ஜெல் இருக்கும். ஒரு பக்கம் தீப்பிடித்தால் ஜெல் நுரைத்துப் பாலாக வெளுத்துவிடும். அந்தப் பக்கத்து அனல் இந்தப் பக்கம் வராது. எதிரி கடல் காற்றுதான். பொருத்தும்போது ஓரத்து நாடா கிழிந்தால் அந்த வழியாக ஈரம் உள்ளே போகும். அப்போது தீ இல்லாமலே கண்ணாடி வெளுக்கும். எப்போதும் ஓரத்திலிருந்துதான் தொடங்கும். இத்தனை வருடத்தில் நடுவிலிருந்து வெளுத்த கண்ணாடியை அவன் கண்டதில்லை.

“என்ன சார், கண்ணாடி டாக்டரே கண்ணாடியப் பாத்து முழிக்கிறாரு?”

லிஃப்ட் அண்ணன். கட்டடத்தின் மேற்பார்வையாளர். நாள் முழுக்க லிஃப்ட்டோடு மல்லுக்கட்டுவதால் குடியிருப்பவர்கள் வைத்த பெயர்.

“நடுவுல வெளுக்குதுண்ணே.”

“அதுக்கென்ன? எனக்குக்கூடத் தலை நடுவுலதான் வெளுத்துச்சு.”

“ஓரத்துலதான் வரணும். ஈரம் அந்த வழியாத்தான் போகும்.”

“கடல் காத்துக்கு ஓரம் எது நடு எதுன்னு யாரு சொல்லிக் குடுத்தா? என் லிஃப்ட்டையே தின்னு ஏப்பம் விட்டுடுச்சு.” கதவைத் திறந்து, லாபிப் பக்கத்துக் கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. “பாத்தீங்களா, பழையபடி இறுகிப்போச்சு. மாத்தி ஒரு வருஷம்கூட ஆகல. இந்தப் பக்கமிருந்து திறக்கும், உள்ளேயிருந்து திறக்காது. அந்த இரும்புக் கதவும் துருவேறி நிக்குது. நாளைக்கு ரெண்டையும் பாத்துடறேன். அதுவரைக்கும் யாராவது உள்ள போனா, எதையாவது முட்டுக் குடுத்துட்டு...”

நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“தீக்கதவுக்கு முட்டுக் குடுக்கக் கூடாதுண்ணே,” என்றான் அவன். எத்தனையோ கட்டடங்களில் எத்தனையோ பேரிடம் சொன்ன வாக்கியம். வாய் அதைத் தானாகச் சொன்னது.

அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

போன வருடத் தீ அந்த லாபியில்தான் பிடித்தது. மின்கம்பி அலமாரியில் தொடங்கி இரும்புக் கதவை மறித்துக்கொண்டது. அவன் மனைவி உள்ளே இருந்தாள். அவன் வீட்டிலிருந்து ஓடி வந்தபோது கண்ணாடி முழுக்க வெள்ளை. கதவோரத்துப் பட்டை சூட்டில் ஊதி, கதவைச் சட்டத்தோடு கவ்விக்கொண்டிருந்தது. தீ வந்தால் அப்படிக் கவ்விக்கொள்வதுதான் அந்தப் பட்டையின் வேலை. எல்லாம் அதனதன் வேலையைச் செய்தன. அவன் உள்ளங்கையை வைத்த இடத்தில் கண்ணாடி வெதுவெதுப்பாக இருந்தது, அவ்வளவுதான். உள்ளேயிருந்து தட்டும் சத்தம் வந்தது. பிறகு வரவில்லை.

“உன்னக் காப்பாத்துனதே நம்ம கண்ணாடிதான்பா,” என்று மேனேஜர் தோளில் தட்டினார். அந்த வெள்ளைக் கண்ணாடியின் படம் இப்போதும் அலுவலகச் சுவரில் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அத்தை போன் செய்தார். அவளுடைய அம்மா.

“சாப்டீங்களா மாப்பிள்ளை?”

“ஆச்சு அத்தை.”

“அந்த ஒத்தச் செருப்பத் தூக்கிப் போட்டீங்களா?”

“இல்ல.”

“அங்க வரும்போதெல்லாம் அதப் பாத்தா வயிறு எரியுது. ஒண்ணு அவ கால்ல இருந்துச்சு. இன்னொண்ணு மட்டும் எப்படி ஒரு பொட்டுக் கரி இல்லாம வீட்டுக்குள்ள வந்துச்சு?” பதிலுக்குக் காத்திருந்தார். “சரி விடுங்க. கேக்கக் கூடாதுன்னுதான் நினைக்கிறேன், மனசு கேக்க மாட்டேங்குது. கடைசியா என்னதான் சொன்னா?”

“ஒண்ணும் சொல்லல அத்தை.”

“அவளா? ஒண்ணும் சொல்லாமயா? தூக்கத்துலகூட வாய் மூடாதேப்பா அது.”

அவன் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தான். பிறகு அத்தை வைத்துவிட்டார்.

அந்த வாரம் வெள்ளை வளர்ந்தது. நாணயம் வட்டமாகி, வட்டம் மேல்பக்கம் ஐந்து கிளை விட்டது. அவன் தன் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தான். அவன் கையைவிடச் சின்னது. அந்த இடத்தில் மட்டும் கண்ணாடி சுட்டது. அவன் கையை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டான். இந்தப் பக்கம் சுடக் கூடாது; எங்கே தீ எரிந்தாலும் இந்தப் பக்கம் சுடக் கூடாது என்பதற்காகத்தான் அந்தக் கண்ணாடியையே செய்கிறார்கள்.

அடுத்து வந்தது விடாத மழை. லிஃப்ட் நின்றுபோனது. லிஃப்ட் அண்ணன் உதிரிபாகம் வாங்கப் போனவர் திரும்பவில்லை. அந்த மாடியின் மற்ற மூன்று வீடுகளும் தீக்குப் பிறகு ஆள் வராமல் பூட்டியே கிடந்தன. இவ்வளவு நாளும் அவன் குப்பையை லிஃப்ட்டில் கீழே கொண்டுபோய்ப் போட்டு வந்தவன். மூன்றாம் நாள் காலையில் சமையலறை நாற்றம் படுக்கையறைக்கு வந்துவிட்டது.

பையைக் கட்டினான். குழாய் பத்தடி தூரம். போனைச் சார்ஜில் விட்டுவிட்டுக் கிளம்பினான்.

கண்ணாடிக் கதவைத் தள்ளித் திறந்து நின்றான். லாபிப் பக்கத்துக் கைப்பிடியை அழுத்தினான். லிஃப்ட் அண்ணன் சொன்ன நாளை இன்னும் வரவில்லை, கல்லாக இருந்தது. விட்டால் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். திரும்பி வீட்டு வாசலைப் பார்த்தான். திறந்து கிடந்த செருப்பு அலமாரியில், அவனுடைய ஷூக்களுக்கு நடுவே, நீல ரப்பர் செருப்பு ஒன்று.

போய் எடுத்துவந்தான். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு தீக்கதவுக்கு முட்டுக் கொடுத்தான்.

உள்ளே புதுச் சுண்ணாம்பின் வாசனைக்கு அடியில் நனைந்த கரியின் வாசனை இருந்தது, எத்தனை பூச்சு பூசினாலும் மழை வந்தால் சுவரிலிருந்து கசிகிற வாசனை. மின் அலமாரிக்குள் ஏதோ சன்னமாக, பூச்சி போல, ரீங்கரித்துக்கொண்டிருந்தது. இரும்புக் கதவுக்கு அப்பால் படிக்கட்டு நெடுகக் காற்று மேலும் கீழும் அலைந்து, ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கி, மறுபடி ஏறியது. குழாயின் மூடியைத் திறந்து பையை உள்ளே தள்ளினான். அது சுவர்களில் இடித்துக்கொண்டே கீழே போகும் சத்தத்தைக் கேட்டான், சத்தம் சின்னதாகிச் சின்னதாகி, இனி அடியில் விழவேண்டும் என்று அவன் நினைத்த இடத்தையும் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.

விழும் சத்தம் வரவில்லை.

பின்னால் ரப்பர் தரையில் உரசியது.

திரும்பினான். கண்ணாடி வெளுத்துக்கொண்டிருந்தது. அந்தக் கைத்தடத்திலிருந்து நாலாபக்கமும், சோப்பு நுரை உடைவதுபோல மெல்லிய சத்தத்தோடு, வெள்ளை பரவியது. மேல்பகுதி போயிற்று. இரண்டு பக்கமும் போயிற்று. அடியில் மட்டும், ஒரு சாண் உயரத்துக்கு, தெளிவாக ஒரு கீற்று மிச்சம்.

இடைவெளியில் செருப்பு இன்னும் இருந்தது. கதவு இன்னும் சாத்தவில்லை.

இரண்டு எட்டு. எடுத்து வைத்தால் போதும். கால் வரவில்லை.

கீற்றின் வழியே நடையின் தரை தெரிந்தது. தரையில் இரண்டு பாதங்கள் வந்து நின்றன. ஆண் பாதங்கள். வீட்டுச் செருப்பு அணிந்தவை. இந்த மாடியில் வேறு யாரும் இல்லை.

ஒரு ‘ச்ச்’ கேட்டது. நாக்கைத் தட்டும் சத்தம். ஒவ்வொரு கட்டடத்திலும், முட்டுக் கொடுத்த ஒவ்வொரு கதவின் முன்னாலும், அவன் வாயிலிருந்து வருகிற அதே சத்தம்.

அந்த ஆள் குனிந்தான். ஒரு கை இறங்கி வந்தது. செருப்பைப் பிடித்தது.

பெருவிரல் நகம் கறுப்பாக இருந்தது.

“எடுக்காத!”

அவன் பாய்ந்தான். செருப்பு போய்விட்டது. கதவு அவன் விரல் நுனியில் சாத்தியது.

க்ளிக்.

கைப்பிடியை அழுத்தினான். தொங்கினான். கல். இரும்புக் கதவுக்கு ஓடினான். தொட்டான். கை வெந்தது. அலமாரிக்குள் ரீங்காரம் நின்றது. ஒரு சின்ன வெடிப்பு. கம்பி கருகும் வாசனை. பிறகு வெளிச்சம். சுவரில் அவன் நிழல், பெரிதாக.

கண்ணாடிக்குத் திரும்பினான். முட்டி போட்டான். கீற்றில் அந்தப் பாதங்கள் திரும்பின. அவசரமில்லாமல் நடந்தன. வீட்டு வாசலில் நின்றன. செருப்பு அலமாரியின் கதவு திறந்து மூடியது. உள்ளே போயின.

தட்டினான்.

அந்த ஆள் இப்போது கெட்டிலில் தண்ணீர் வைப்பான். இரண்டு டம்ளர். தண்ணீர் கொதித்து முடிகிறவரை தட்டுவது கேட்காது. இது அவனுக்குத் தெரியும்.

தட்டினான். கண்ணாடி வெதுவெதுப்பாக இல்லை, நெருப்பாக இருந்தது. இது தீயின் பக்கம். கதவோரத்துப் பட்டை ஊதிச் சட்டத்தைக் கவ்வும் சத்தம். கீற்று விரல் அகலமானது. நூல் அகலமானது. வெளுத்தது.

எழுந்து நின்றான். முன்னால், தோள் உயரத்தில், வெள்ளைக்குள் இன்னும் வெள்ளையாக, ஒரு சின்னக் கை. அதன் பக்கத்தில் தன் கையை வைத்தான். அது வேறெங்கும் போக முடியாமல் அங்கேயே இருந்தது.

அத்தையிடம் அவன் சொல்லாதது. ஒரு காலில் செருப்பும் மறு கால் வெறுமையுமாக, கையில் குப்பைப் பையோடு, கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அவனைத் திரும்பிப் பார்த்து, சிரித்துக்கொண்டு அவள் சொன்னது:

“இன்ஸ்பெக்டர் சார், அந்தச் செருப்ப எடுத்துடாதீங்க. இதப் போட்டுட்டு வந்துடறேன்.”