கம்ப்யூட்டர் கேட்ட கேள்வி

1995 ஜூன் 13, செவ்வாய்க்கிழமை. காலை 6.10.

மலேசியாவில், பகாவிலிருந்து பதினோரு மைல் உள்ளே இருந்தது கெலம்பு தோட்டம். அன்று காலைப் பெரட்டில் ஆள் கணக்கு எடுத்து முடிவதற்குள் முதல் ஆள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தார். ஏழு மணிக்குள் ஐந்து பேர். ஒன்பதுக்குள் பதினான்கு. எல்லோரும் கீழ் லயத்து வீடுகளில் குடியிருப்பவர்கள். எல்லோரும் குழாய்த் தண்ணீர் குடித்தவர்கள். பிள்ளைக் கொட்டகையில் வேலை பார்க்கும் மங்கம்மாவின் ஏழு வயது மகள் வள்ளிநாயகிக்கு வாயெல்லாம் வெந்து போயிருந்தது. லாரியில் பாய் விரித்து அவளைச் சிரம்பான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

மதியம் 12.40. லயத்துக் குழாய்களுக்குத் தண்ணீர் போகும் குளத்துக்கு மேலே இருந்த பள்ளத்தில் மூன்று டிரம்கள் கிடந்தன. தோட்டத்துக் களைக்கொல்லி. ஒழுகிக் காலியாகிவிட்டிருந்தன. திங்கட்கிழமை மாலை பெய்த மழை மீதி வேலையைச் செய்திருந்தது.

புதன்கிழமை காலை, ஆபீசில் தலைமை எழுத்தரான பெரிய கிராணி அமிர்தலிங்கம் ஸ்டோர்க் கணக்கை அச்செடுத்துப் போலீசிடம் கொடுத்தார். ஜூன் 12, மூன்று டிரம், வாங்கியவர் நல்லசாமி.

நல்லசாமி மருந்தடிக்கும் கூட்டத்தை நடத்தும் மண்டோர். கையுறை கொடுக்கவில்லை, முகமூடி கொடுக்கவில்லை என்று ஆபீசில் அடிக்கடி சத்தம் போடுகிறவர். அவரை ஜீப்பில் ஏற்றும்போது கூட்டத்திலிருந்து கல் பறந்தது. பின்மண்டை கிழிந்தது.

"நான் எடுக்கல சார்" என்றார். மூன்று நாளும் அதையேதான் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் திருநாவுக்கரசை ஒரு விஷயம் தூங்கவிடாமல் செய்தது. ஆஸ்பத்திரியில் கிடந்த பதினான்கு பேரில் நல்லசாமியின் மனைவியும் ஒருத்தி. குளத்துக்கு மேலே விஷத்தைக் கொட்டியவன் தன் வீட்டுக் குழாயையாவது திறக்கவிடாமல் தடுத்திருக்க மாட்டானா?

சனிக்கிழமை. காலை 9.05. தோட்டத்து ஆபீஸ்.

இரண்டு மேசை, ஒரு கம்ப்யூட்டர். ஸ்டோர்க் கணக்கு எழுதும் சின்னக் கிராணி பஞ்சாலை எழுந்து நின்றாள். இரண்டு நாளாக அழுத முகம்.

"ஸ்டோர் சாவி யாருகிட்ட இருக்கு?"

"ஒண்ணு எங்கிட்ட, ஒண்ணு பெரிய கிராணிகிட்ட சார்."

"சரக்கு வாங்குறவங்க கையெழுத்து போடுறதில்லையா?"

"மாசக் கடைசியில அச்செடுத்துதான் கையெழுத்து. பழைய புத்தகத்தைப் போன வருசமே நிறுத்தியாச்சு."

"நல்லசாமி பேரை நீங்க டைப் பண்ணீங்களா?"

"இல்ல சார். பெரிய கிராணியார் போட்டிருப்பார்னு நெனச்சேன்."

அமிர்தலிங்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இருபத்திரண்டு வருட சர்வீஸ். "நான்தான் போட்டேன் இன்ஸ்பெக்டர். திங்கக்கெழம மூணு மணிக்கு அவன் வந்து கேட்டான். ஸ்டோரைத் தொறந்து குடுத்தேன், அப்பவே எழுதிட்டேன்."

"அப்பவேன்னா?"

"திங்கக்கெழம லா. அவன் லாரிய எடுத்துட்டுப் போறதுக்குள்ள."

திருநாவுக்கரசு சுவரைப் பார்த்தார். ஆடித் திருவிழா வேலைப் பட்டியல் ஒட்டியிருந்தது. வீட்டு எண்ணும் பெயரும் கோணாமல் அச்சாகியிருந்தன.

"நல்லா இருக்கே. யார் செஞ்சது?"

"நான்தான். கோயில் செயலாளராச்சே." குரலில் பெருமை ஏறியது. "கீழ் லயத்து ஆளுங்க பேரெல்லாம் வீட்டு வரிசைப்படி டிஸ்கெட்ல வச்சிருக்கேன். நேத்துதான் நல்லசாமி பேரை அழிச்சேன். சாமி காரியத்துல அவன் பேரு எதுக்கு?"

9.20. பஞ்சாலை ஸ்டோர் பைலைத் திறந்தாள். திரையின் நடுவே ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றது. பார்க்காமலே ஒரு பொத்தானைத் தட்டினாள். பெட்டி மறைந்தது.

"அது என்ன?"

"ஒண்ணுமில்ல சார். வேற பைலோட இணைப்பு இருக்கு, புதுப்பிக்கவான்னு கேக்குது. வேணாம்னு அடிச்சுட்டா போயிரும்."

"எப்பவும் கேக்குமா?"

பஞ்சாலையின் விரல் அந்தரத்தில் நின்றது. "இல்ல. புதன்கெழம காலையிலேர்ந்துதான்."

"செவ்வாய்க்கெழம?"

"காலையில தொறந்தேன், கேக்கல. ஒம்பது மணிக்கு வயித்து வலி ஜனங்களோட சிரம்பானுக்குப் போயிட்டேன். சாயங்காலம்தான் வந்தேன்."

"எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது" என்றார் திருநாவுக்கரசு. "கேள்வி கேக்கத் தெரியும். டிரம் கணக்குக்கு வேற பைல் எதுக்கு?"

"தேவையே இல்ல சார். நான் வேற பைல்லேர்ந்து எதையாவது கொண்டு வந்தாகூட வெறும் மதிப்பை மட்டும்தான் ஒட்டுவேன். ஷீட்டை அப்படியே காப்பி பண்ணிப் போட்டா, பழைய பைலைப் பாத்துக்கிட்டேதான் இருக்கும்."

"நல்லசாமி பேர்மேல வச்சுக் காட்டுங்க."

அவள் அம்புக்குறியை நகர்த்தினாள். கட்டத்துக்குள் நல்லசாமி என்று இருந்தது. மேலே இருந்த நீளப் பட்டையில் பெயர் இல்லை. ஏ டிரைவ், கோயில் என்ற பைல், ஆட்கள் என்ற ஷீட், பதினெட்டாம் வரிசை. அதுதான் இருந்தது.

பஞ்சாலை மெல்லத் திரும்பிப் பெரிய கிராணியைப் பார்த்தாள். பிறகு வேகமாக மற்ற மாதங்களைத் தட்டினாள். "சார், மே மாசம் வரைக்கும் என் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருக்கேன். ஜூனையும் பூட்டித்தான் வச்சேன். இந்த ஜூன் பூட்டு இல்லாம இருக்கு. இது என் ஷீட் இல்ல."

"யாராவது என் டிஸ்கெட்டை எடுத்திருக்கலாம்" என்றார் அமிர்தலிங்கம்.

"எங்கே இருக்கு?"

அமிர்தலிங்கத்தின் கை பேண்ட் பைக்குப் போனது. அதிலிருந்த சாவிக்கொத்தைத் திருநாவுக்கரசு கைநீட்டி வாங்கினார். பூட்டியிருந்த மேசை இழுப்பறையில், விபூதிப் பொட்டலத்தின் பக்கத்தில், டிஸ்கெட் இருந்தது.

9.41.

"இதைப் போடுங்க. பைலை மூடித் தொறங்க. இந்தத் தடவை புதுப்பின்னு சொல்லுங்க."

டிரைவ் கரகரவென்று இழுத்தது. ஜூன் 12, மூன்று டிரம் என்ற வரியில் பெயர் மாறியது.

வாங்கியவர் மங்கம்மா.

மகளின் கட்டிலை விட்டு நாலு நாளாக நகராமல் உட்கார்ந்திருக்கும் மங்கம்மா.

"திங்கக்கெழம வந்து எடுத்தது இவங்களா கிராணியார்?" திருநாவுக்கரசின் குரல் உயரவே இல்லை. "நல்லசாமி வீடு பதினெட்டு. அடுத்த வீடு மங்கம்மா. நேத்து நல்லசாமி வரிசையை அழிச்சீங்க, மங்கம்மா மேல ஏறிட்டாங்க. திங்கக்கெழமயே எழுதிட்டேன்னு சொன்னீங்க. செவ்வாய்க்கெழம காலையில இந்தப் பொண்ணு தொறந்தப்ப பைல் எதுவும் கேக்கல. அவங்க ஜனங்களோட ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. அந்தப் பகல்ல ஆபீஸ்ல இருந்தது நீங்க ஒருத்தர். பூட்டின ஷீட்டைத் திருத்த முடியல. கோயில் பைல்ல பேரெல்லாம் ரெடியா இருந்துச்சு. அதுல புதுசா ஒரு ஜூன் செஞ்சு, அப்படியே இங்க காப்பி பண்ணிட்டு, பழசை அழிச்சிட்டீங்க. பேரைக் கையால டைப் பண்ணியிருந்தா நான் கண்டுபிடிச்சிருக்கவே மாட்டேன்."

அமிர்தலிங்கம் நாற்காலியில் அமர்ந்தார்.

"கொல்லணும்னு செய்யல" என்றார். "ஒழுகுற டிரம்ம ஜனவரியிலயே திருப்பி அனுப்பச் சொல்லி மேனேஜர் உத்தரவு. மறந்துட்டேன். புதன்கெழம மேலிடத்துலேர்ந்து சோதனைக்கு வர்றாங்கன்னாங்க. திங்கக்கெழம என் வேன்ல ஏத்திக்கிட்டுப் போய்... பள்ளத்துல ஒரு நாலு நாள் கெடக்கட்டும்னு நெனச்சேன். மழை வரும்னு நெனக்கல."

"சரி. செவ்வாய்க்கெழம காலையிலயே 'டிரம்ம நான்தான் போட்டேன், தண்ணி குடிக்காதீங்க'ன்னு சொல்லியிருக்கலாமே? மதியம் பன்னண்டு நாப்பதுக்கு டிரம்மைக் கண்டுபிடிக்கிற வரைக்கும் லயத்துல குழாய் தொறந்துதான் இருந்துச்சு."

பஞ்சாலை வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

மாலை 4.30. போலீஸ் பாலாய் வாசலில் தலைக்கட்டோடு நின்றார் நல்லசாமி. தோட்டத்து லாரி அவருக்காகக் காத்திருந்தது. கல்லெறிந்தவர்களில் இரண்டு பேர் அதில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"சார், சிரம்பான் போற பஸ் எத்தன மணிக்கு?"

"ஏறுங்க, ஜீப்ல விடுறேன்" என்றார் திருநாவுக்கரசு.

ஏழு மணிக்கு நல்லசாமி வார்டில் நுழைந்தபோது அவர் மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கட்டிலில் வள்ளிநாயகிக்கு மங்கம்மா கரண்டியால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். முதல் வாய் வழிந்துவிட்டது. இரண்டாவது வாய் தொண்டையில் இறங்கியது. வலியில் பிள்ளை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டது, ஆனால் துப்பவில்லை.

மங்கம்மா நிமிர்ந்து பார்த்தாள். கரண்டியைப் பிடித்தபடியே இருந்தாள்.

"ஊட்டு தங்கச்சி, ஆறிப்போயிரும்" என்றார் நல்லசாமி.