தெளிவாகக் கேட்ட குரல்

"என் தம்பி வாயைத் திறக்க முடியாம கிடக்கான் சார். அதுக்குள்ள பழியைத் தூக்கி அவன் தலையில போட்டுட்டாங்க."

துப்பறிவாளரைத் தேடி வந்தவள் ராணுவ ரேடியோக்காரன் ஒருவனின் அக்கா. ரோந்துப் படை போகும் வழியைத் தம்பி கையடக்க ரேடியோவில் முகாமுக்குச் சொன்னான். எதிரி ஒட்டுக்கேட்டுக் குண்டு போட்டான். இருவர் செத்தார்கள். தம்பிக்குத் தாடை உடைந்தது. நாளை விசாரணை, தோற்றால் சிறை.

துப்பறிவாளரின் மைத்துனனுக்கு ரத்தம் கொதித்தது. ஊரே அவனை 'அவசரம்' என்றுதான் கூப்பிடும். "கிளம்புங்க அத்தான்" என்று செருப்பைக்கூடக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டான். அக்காவும் கூடவே வந்தாள்.

முகாமில், தம்பிமேல் பழி சொன்ன மேஜர் கசங்காத சட்டையோடு உட்கார்ந்திருந்தார்.

"பேச்சு வெளியாளுக்குப் புரியாம இருக்க ஒரு ரகசிய எண் உண்டு. அதை 'சாவி'ன்னு சொல்வோம். எல்லா ரேடியோவுலயும் நான்தான் ஏத்துவேன். அன்னைக்கும் ஏத்தினேன். அந்த மடையன் வழியில பொத்தானை அமுக்கி அழிச்சிட்டான். 'பாலம் தாண்டி வலது பக்கம்'னு அவன் உளறினது இதோ, இந்த ரேடியோவுல தெளிவா கேட்டுச்சு."

"தெளிவாவா?" என்றார் துப்பறிவாளர்.

"ஒரு வார்த்தை விடாம."

துப்பறிவாளர் இரண்டு ரேடியோ கேட்டார். ஒன்றில் சாவியை ஏற்றி மேசைமேல் வைக்கச் சொன்னார். ஏற்றாததை அவசரத்திடம் கொடுத்து வெளியே அனுப்பினார். அவன் முற்றத்தில் நின்று மேஜரின் பரம்பரையையே இழுத்துத் திட்டினான். மேசை ரேடியோவிலோ வெறும் கரகரப்பு.

"இவன் பேசினது உங்களுக்குக் கேட்கலை. நல்லதுதான்" என்றார் துப்பறிவாளர். "சாவி ஏத்தின ரேடியோ, ஏத்தாததோட பேச்சைக் கேட்காது. அன்னைக்கு உங்களுக்குத் தெளிவா கேட்டுச்சுன்னா, உங்க ரேடியோவுலயும் சாவி இல்லை. அவன் அழிச்சது அவனோடதைத்தானே? உங்களோடதை யார் அழிச்சா? நீங்க எதுலயுமே ஏத்தலை."

மேஜர் கைக்குட்டையைத் தேடினார். "சாயந்திரம் ஏத்திக்கலாம்னு... ஏதோ அவசரத்துல..."

"அவசரம் நான்யா" என்றான் உள்ளே வந்த மைத்துனன். "நீ பண்ணினதுக்கு வேற பேரு."

எவ்வளவு நெஞ்சழுத்தம்! தன் சோம்பலுக்கு இரண்டு உயிரைக் கொடுத்துவிட்டு, பேச முடியாதவனாகப் பார்த்துக் கைகாட்டியிருக்கிறார்.

அக்கா மேசையருகே வந்தாள். குரல் உயரவில்லை.

"செத்துப்போன ரெண்டு பேர் வீட்டுலயும் என் தம்பியைத்தான் சபிச்சிக்கிட்டு இருக்காங்க. எழுந்திரிங்க. அங்க வந்து, தெளிவா, ஒரு வார்த்தை விடாம சொல்லுங்க."