கல்சோம் வாசலில் ஒரு ஜோடி பூட்ஸ்

"என் வீட்டுல ஆம்பள இருக்கானாம் அக்கா! நானே பாக்காத ஆம்பள!"

செங்கமலம் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த சட்டையை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பினாள். வாசலில் கல்சோம் நின்றிருந்தாள். தலைத்துணி நழுவிக் கிடந்தது. பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவிவிட்டு நேராக வந்திருக்கிறாள். கையில் இன்னும் சோப்பு வாசனை.

"உக்காருங்க மக்சிக். யாரு சொன்னது?" மலாய்க்கார அம்மாக்களை அந்த மாடியில் எல்லாரும் மக்சிக் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"வாடகை வீடு கொடுக்கிற ஆபீஸ்லேருந்து வர்ற அந்த அதிகாரி, சியா. சோதனைக்கு மூணு தடவ வந்தாராம். மூணு தடவயும் என் வாசல்ல ஆம்பள பூட்ஸு, அதுவும் ஈரமா இருந்துச்சாம். கதவத் தட்டினா யாரும் தெறக்கலயாம். ராத்திரி வேலைக்குப் போயிட்டு வந்த எவனோ உள்ள படுத்துத் தூங்குறாங்கிறாரு. நான் ஒருத்தி சம்பாத்தியம், ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க, அதப் பாத்துத்தான இந்தக் கொறஞ்ச வாடகைக்கு வீடு கொடுத்தாங்க? ஆம்பள இருந்தா அவன் பேரப் பதியணும், அவன் சம்பளத்தையும் சேத்துக் கணக்குப் பண்ணணும். மறைச்சிருந்தாலும், வெளி ஆளுக்கு உள்வாடகைக்கு விட்டிருந்தாலும் சாவியத் திருப்பிக் கொடுத்துடணுமாம். வெள்ளிக்கிழம வர்றாரு. அதுக்குள்ள ஒழுங்கா ஒரு பதில் சொல்லணுமாம்."

"சாவியக் கொடுத்துட்டு எங்க போவீங்க?"

கல்சோம் நழுவிய தலைத்துணியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஆற்றோரத்துப் பலகை வீடுகளை இடித்து, அங்கிருந்தவர்களை இந்த ஓரறை வீடுகளுக்கு மாற்றியபோது அவளும் ஒரு பாயும் இரண்டு பிள்ளைகளுமாக வந்தவள். கப்பல் துறையில் வேலை பார்த்த புருஷன் இறந்த பிறகு அவளுக்கென்று இருந்த ஒரே கூரை இதுதான்.

செங்கமலம் இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். அதுவே இரவல் பெட்டி. அவளுடையதைப் போன மாதம் திருடன் கொண்டுபோய்விட்டான். "வாங்க, சார்ஜன்கிட்ட போவோம்" என்றாள்.

சார்ஜன் ஒலிவேரோ கீழ்த்தளத்துக் காப்பிக் கடையில் இருந்தார். போலீசில் துப்பறியும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்த கட்டடத்தில் அண்ணன் மகள் வீட்டுக் கூடத்தில் கித்தான் கட்டில் போட்டுப் படுத்துக்கொள்வார். கட்டையில் போகும்வரை பதறாத மனுஷன் என்று காப்பிக் கடைக்காரர் சொல்வார். சண்டை நடக்கிற மேசையில் அவர் போய் உட்கார்ந்தால் சண்டை தானாக அடங்கும்.

"அண்ணன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிருச்சாமே சார்ஜன்?" என்று செங்கமலம் ஆரம்பித்தாள்.

"ஆயிருச்சு. என் கட்டிலுக்குத்தான் எடம் நிச்சயமாகல. ஆபீசுக்குப் போனேன். தனி ஆளுக்கு வாடகை வீடு கெடையாதாம், இன்னொரு தனி ஆளோட ஜோடி சேந்து வரணுமாம். கல்யாணத்துக்கே எனக்கு ஜோடி அமையல கமலம், வீட்டுக்கு எங்க அமையப்போவுது?" அவர் காப்பியைத் தட்டில் ஊற்றி ஆற்றினார். "சரி, மக்சிக் எதுக்கு அழுதிருக்காங்க? அதச் சொல்லு."

கல்சோம் சொல்லி முடிக்கும்வரை அவர் குறுக்கே பேசவில்லை. பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்த பூட்ஸ நீங்க பாத்திருக்கீங்களா?"

"அல்லா மேல ஆணையா இல்ல. காலைல பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டு வெளிய போறப்ப இருக்காது. மத்தியானம் திரும்பி வர்றப்பவும் இருக்காது."

"உங்க தம்பி ஒஸ்மான்?" என்றாள் செங்கமலம் ஆவலாக. "அவன் வந்து போறான்ல?"

"ஞாயித்துக்கிழம, நான் வீட்டுல இருக்கிறப்பத்தான் வருவான். கட்டை விழுந்து அவன் கால் வெரல் நசுங்கினதுலேருந்து ரப்பர் செருப்பு தவிர வேற எதுவும் போட முடியாது அக்கா."

ஒலிவேரோ கடைவாயில் சிரித்தார். "வினோதமான ஆம்பள. வீட்டுல ஆள் இருந்தா வரமாட்டான். ஆள் இல்லன்னா மட்டும் வருவான். கமலம், நாளைக்குக் காலைல நீ போய்ப் பாரு. பூட்ஸ மட்டும் பாக்காத. அந்த நடைபாதைக் கோடி முழுக்கப் பாரு. எதையும் விடாம வந்து சொல்லு."

செங்கமலத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்! மறுநாள் ஊர் வேலைக்குக் கிளம்பியபின், படிக்கட்டைத் தாண்டி நடைபாதையின் கடைசிக்குப் போனாள். அந்தக் கோடியில் இரண்டே வாசல்கள். ஒன்று கல்சோமுடையது, மற்றது சீனக் கிழவர் குவெக்குடையது; பெரியவர் என்ற பொருளில் எல்லாரும் அவரை அப்பெக் என்பார்கள். அப்பெக் ஆற்றில் சரக்குப் படகு ஓட்டியவர். கூட்டாளி ஹெங் என்பவரோடு ஜோடி சேர்ந்து வாடகைக்கு வீடு எடுத்தவர். தனி ஆண்கள் இருவர், ஓர் அறை, நடுவில் ஒரு திரை.

பூட்ஸ் இருந்தது!

மத்தியானம் காப்பிக் கடையில் செங்கமலத்துக்கு மூச்சு வாங்கியது. "பெரிய பூட்ஸ் சார்ஜன், கறுப்பு. மேலெல்லாம் சொட்டச் சொட்ட ஈரம்."

"மழை பேஞ்சுதா?"

"எங்க பேஞ்சுது? வெயில் கொளுத்துது."

"தூக்கிப் பாத்தியா?"

"பாத்தேனே! அதுதான் புரியல. அடி காஞ்சு கெடக்கு, ஒட்டிக்கிட்டிருந்த தூசி கூட அப்படியே இருக்கு. கயிறு வேற பல்லால கடிச்சாலும் அவுக்க முடியாத முடிச்சு."

"பேஷ். அப்புறம்?"

"கதவத் தட்டினேன். சத்தமே இல்ல. காத வச்சுக் கேட்டேன், உள்ள மூச்சு விடுற சத்தம்கூட இல்ல. அப்பெக் அவர் வாசல்ல உக்காந்து ரேடியோவுல அவங்க ஹொக்கியன் பாஷையில கதை கேட்டுக்கிட்டிருந்தாரு. தேத்தண்ணி குடிக்கிறியான்னாரு. அவரா இருக்குமோன்னு காலப் பாத்தேன். சின்னப் பிள்ளை கால் சார்ஜன்! அந்த ஒத்த பூட்ஸுக்குள்ள அவரோட ரெண்டு காலும் போயிடும். ஹெங் இருக்காரான்னேன். தூங்குறான்னாரு."

"அவர் வாசல்ல என்ன இருந்துச்சு?"

"நாலு மொளகாச் செடி, தண்ணி ஊத்துற குவளை. ரெண்டு ஜோடி கட்டைச் செருப்பு, நடுவுல இன்னொரு ஜோடி வைக்கிற மாதிரி எடம் விட்டு. ஹெங்கோட செருப்புல எட்டுக்கால் பூச்சி கூடு கட்டியிருக்கு. ஆம்பளைங்க வீட்டுச் சுத்தம் அவ்வளவுதான்."

ஒலிவேரோ காப்பித் தட்டை நகர்த்தி வைத்தார். "உங்க மாடியில திருட்டு போச்சே, யார் யார் வீட்டுல?"

"என் இஸ்திரிப் பெட்டி, முடிவெட்டுறவரு ரேடியோ, லெச்சுமி தையல் மெஷினு. எல்லாம் பகல்ல, ஆள் இல்லாத நேரமாப் பாத்து."

"கல்சோம் வீட்டுல?"

"ஒண்ணும் போகல. அந்தக் கதவு தாழ்ப்பாளு தும்மினாலே தெறந்துக்கும். அல்லா காப்பாத்துறாருங்கிறா."

"அல்லா யாரையாவது அனுப்பித்தான் காப்பாத்துவாரு கமலம்." அவர் எழுந்தார். முகத்தில் கண்டுபிடித்துவிட்ட மகிழ்ச்சி இல்லை. "பாவம்," என்றார். யாரைச் சொன்னார் என்று செங்கமலத்துக்கு விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமை நடைபாதைக் கோடியில் எல்லாரும் நின்றார்கள். சியா இளைஞர், வெள்ளைச் சட்டை, வேர்வை. கெட்டவர் இல்லை. வீட்டுக்குக் காத்திருப்பவர்கள் வரிசை நீளமென்று தெரிந்ததால் விறைப்பாக இருந்தார். ஒஸ்மான் ரப்பர் செருப்போடு வந்து அக்காள் பக்கத்தில் நின்றான். அப்பெக் குவெக் தன் முக்காலியை விட்டு எழவில்லை. கல்சோம் கையில் வீட்டுச் சாவியை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

ஒலிவேரோ ஒரு பையிலிருந்து பூட்ஸை எடுத்துத் தரையில் வைத்தார். "அப்பெக், காலைல உங்க கண்ணுக்கு முன்னாலதான் இத எடுத்தேன். கோவிச்சுக்காதீங்க." அப்பெக் ரேடியோவை அணைத்தார்.

"ஐயா," என்றார் ஒலிவேரோ சியாவிடம், "நீங்க பாத்தது இதான?"

"இதேதான்."

"உங்க காலு பெருசு. ஒரு தடவ போட்டுப் பாருங்களேன்."

சியா குனிந்தார், முடிச்சோடு மல்லுக்கட்டினார், நிமிர்ந்தார். "அவுக்க வரலயே!"

"வராது. பல மாசமா யாரும் அவுக்கல. காலே நுழையாத பூட்ஸப் போட்டுக்கிட்டு எவன் ராத்திரி வேலைக்குப் போவான்? இன்னொண்ணு. நடந்து வந்தவன் பூட்ஸ்னா மொதல்ல அடிதான் நனையும். இது மேல மட்டும் நனைஞ்சிருக்கு, அடி காஞ்சிருக்கு. யாரோ நிக்க வச்சு மேலேருந்து தண்ணி ஊத்தியிருக்காங்க, செடிக்கு ஊத்துற மாதிரி."

"எதுக்கு?"

"இப்பத்தான் வந்து கழட்டி வச்சான்னு நெனைக்கட்டும்னு. யாரு நெனைக்கணும்? மக்சிக் இல்ல, அவங்க இருக்கிறப்ப பூட்ஸே வராது. ஆபீசும் இல்ல, நீங்க எப்ப வருவீங்கன்னு யாருக்கும் தெரியாது. வீட்டுல ஆள் இல்லாத நேரத்துல மட்டும் வாசல்ல ஆம்பள நிக்கிறான்னா, அவன் பயமுறுத்த நெனைக்கிறது ஒருத்தனைத்தான். இந்த மாடியில பகல்ல தாழ்ப்பாள் நெம்புறவன. எளிதுல தெறக்கிற கதவு இதுதான். திருட்டு போகாத கதவும் இதுதான்."

என் வாசலிலும் ஒரு ஜோடி வைத்திருக்கக் கூடாதா என்று செங்கமலத்துக்கு ஒரு நொடி பொறாமை வந்தது.

"வச்சது யாரு?" என்றார் சியா.

ஒலிவேரோ குனிந்து பூட்ஸை நேராக நிறுத்தி வைத்தார். அப்பெக் பக்கம் திரும்பவில்லை.

"பேரு வேணும் சார்ஜன். பேர் இல்லாத கதைய வச்சு நான் மேல என்ன சொல்றது?"

"பேர நான் சொல்லமாட்டேன் ஐயா. சொன்னா அவரோட கூரைக்கே ஆபத்து. அவரா சொன்னாத்தான் உண்டு."

கல்சோம் மெதுவாகக் கையை விரித்துச் சாவியைச் சியாவிடம் நீட்டினாள்.

முக்காலி கிறீச்சிட்டது.

"அத உள்ள வை!" என்றார் அப்பெக். "நான்தான் வச்சேன். ஹெங் பூட்ஸ். ஆத்துல படகக் கட்டிட்டுக் கரைக்குப் போறப்ப, பலகை மேல ஈர பூட்ஸ வச்சிட்டுப் போவோம். உள்ள ஆள் படுத்திருக்குன்னு திருடன் போயிடுவான். அதே வித்தைதான்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே அப்பெக்!" என்றாள் கல்சோம்.

"எப்படிச் சொல்றது? புருஷன் இல்லாத பொண்ணு நீ. 'உன் வாசல்ல ஆம்பள பூட்ஸ வச்சுக்கட்டுமா'ன்னு கேட்டா ஊரு வாய மூடிக்கிட்டிருக்குமா?" அவர் சியாவைப் பார்த்தார். "என் வீட்டுக்கு உங்க ஆளுங்க வந்தா ரெண்டு பேர் இருக்காங்களான்னுதான் பாப்பாங்க. ஒண்ணு கொறஞ்சாத்தான் தப்பு. அவ வீட்டுல ஒண்ணு கூடினா தப்புன்னு எனக்கு எங்க தெரியும்?"

சியா இரண்டாவது கட்டைச் செருப்பைப் பார்த்தார், அதிலிருந்த கூட்டைப் பார்த்தார். "ஹெங் எங்க அப்பெக்?"

"நோன்பு மாசத்துக்கு முன்ன ஆஸ்பத்திரிக்குப் போனான். வரல. நான் ஒருத்தன்தான் ஊதுவத்தி கொளுத்தினேன்." கிழவர் திரும்ப உட்கார்ந்தார். "படகுலேருந்து ஒண்ணா இருந்தோம். அவன் செருப்பையும் எடுத்துட்டா, அப்புறம் அவன் எங்க இருக்கான்?"

சியா கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். "மக்சிக் வீட்டப் பத்தி இனிப் பேச்சில்ல. ஆனா அப்பெக்... தனியா இருக்க சட்டம் எடம் கொடுக்காது. வேற ஜோடி தேடணும். இல்லாட்டி ஆபீஸே எங்கயாவது, யாரோடயாவது போடும்."

"யாரோடயாவதுன்னா?" என்று கல்சோம் பதறினாள். "வேற கட்டடத்துக்கா?"

ஒலிவேரோ தொண்டையைச் செருமினார். செங்கமலம் அவரை அப்படித் தயங்கிப் பார்த்ததே இல்லை. "ஐயா, ஜோடி இல்லன்னு உங்க ஆபீஸ் ஒரு கிழவனத் திருப்பி அனுப்புச்சே, ஞாபகம் இருக்கா? அந்தக் கிழவன் நான்தான்."

அப்பெக் அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "நீ மத்தா. போலீஸ்காரனோட ஒரே அறையிலயா?"

"ஓய்வு வாங்கியாச்சு."

"கொறட்டை விடுவியா?"

"அண்ணன் மக அதுக்குத்தான் அழுவுறா."

"அப்ப சரி. ஹெங்கும் விடுவான். சத்தம் இல்லாம எனக்கு இத்தன நாளாத் தூக்கமே வரல."

ஒஸ்மான்தான் முதலில் சிரித்தான். பிறகு எல்லாரும். சியா படியிறங்கப் போகையில் கல்சோம் ஓடிப்போய் நிறுத்தினாள்.

"துவான், அந்த பூட்ஸு... இங்கயே இருக்கலாமா?"

"பூட்ஸுக்குச் சம்பளம் கெடையாது மக்சிக்," என்றார் சியா. "பதிய வேண்டாம்."

அந்தக் கட்டடம் இன்று இல்லை. அப்பெக், அதற்குப் பின் சார்ஜன், அதற்கும் பின் கல்சோம் என்று அந்தக் கோடி ஒவ்வொருவராகக் காலியானது. பிறகு கட்டடத்தையும் இடித்தார்கள். செங்கமலத்துக்குக் கிடைத்த புது வீட்டில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்கிறது, எல்லாக் கதவும் மூடியே இருக்கிறது. யார் வீட்டில் என்ன குழம்பு என்று நடைபாதையில் நடந்து தெரிந்துகொள்ள முடிவதில்லை. கல்சோமின் வீட்டைக் காலி செய்தபோது அவள் பிள்ளைகள் செங்கமலத்திடம் கேட்டார்கள், உங்களுக்கு அம்மா ஞாபகமாக என்ன வேண்டும் என்று. செங்கமலம் யோசிக்கவே இல்லை.

மகள் வீட்டுக்குப் புறப்படும் நாட்களில் செங்கமலம் கதவைப் பூட்டிவிட்டு, கறுப்புப் பூட்ஸ் ஒரு ஜோடியை வாசலில் வைத்து, மேலே ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுகிறாள். முடிச்சு இன்னும் அவிழவில்லை.

"வீட்டுல யாரு ஆன்ட்டி? நீங்க தனியாத்தான இருக்கீங்க?" என்று எதிர்வீட்டுப் பெண் ஒருநாள் கதவிடுக்கில் கேட்டாள்.

"ஹெங்னு ஒருத்தர்மா," என்றாள் செங்கமலம். "இப்பத்தான் வந்து படுத்தாரு. எழுப்பிடாத."