தலைவருக்கு ஒரு ஜோடி கால்

"நான் சொல்லுதத முதல்ல..."

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்! என் காலை வாரிவிட்டுட்டுப் போனவன்தான நீ?"

"உங்காலை நான் எங்க வாருனேன்க்கா? ரெண்டும் உங்கிட்டதான இருக்கு. எனக்குத்தான்..."

"எகத்தாளம் பேசாத. சேந்துதான மனுப் போட்டோம்? ஒருத்தன் மட்டும் போய்ப் படுத்து வெட்டிக்கிட்டு வந்து நிக்கான்!"

"எங்க நிக்கேன்? தொங்குதேன்."

திரையில் ஆவுடையப்பன் காதைச் சொறிந்துகொண்டான். சொறிந்த கை போன மாதம் இடுப்புக்குக் கீழே பொருத்தப்பட்ட கை. மேல்கை ஒன்றில் சாப்பாட்டுப் பை, இன்னொன்றில் உறிஞ்சுகுழல். மற்றொரு கீழ்க்கையால் கம்பியைப் பிடித்திருந்தான். பார்க்கப் பார்க்க அக்கா கோமுவுக்கு வயிறு எரிந்தது. நாலு கையும் அவனுக்கு எவ்வளவு பொருத்தமாக இருக்கின்றன!

பூமியை விட்டு வெகுதூரத்தில் மிதந்துகொண்டிருந்த பொருநை நிலையத்தில் கால் கழிப்பது காது குத்துவதைப் போல. நிலையத்தின் நடுவே இருக்கும் மையக்கூட்டில் எடை கிடையாது. எடையில்லாத இடத்தில் கால் எதற்கு? சும்மா உதைத்துக்கொண்டு திரியும். ஒருமுறை யாரோ தூக்கத்தில் உதைத்துக் காற்றுக்குழாய் உடைந்து நாற்பது பேர் மயங்கிப்போனார்கள். அதிலிருந்து சட்டம் வந்தது. காலுள்ளவர்கள் மையக்கூட்டில் நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. குடியேற வேண்டுமென்றால் காலைக் கழித்துக் கீழ்க்கை பூட்டிக்கொள்ள வேண்டும். அரைநாள் வேலை. வலி கிடையாது. முடிந்ததும் சொந்தபந்தம் கூடிப் பந்தி வைப்பார்கள்.

காலுள்ளவர்களுக்கென்று சுழல்வட்டம் இருந்தது. சுற்றிச் சுற்றியே எடையை உண்டாக்கும் பெரிய வளையம், எழுபது வீடுகள். ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆவுடையும் போன பிறகு மிச்சம் கோமு ஒருத்திதான். தினமும் ஒருதரம் எதிர்வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு வருவாள். உள்ளே ஆள் இல்லை என்று தெரியும். தட்டிய சத்தம் வட்டத்தைச் சுற்றிக்கொண்டு திரும்பி வரும்போது வேறு யாரோ எங்கேயோ தட்டுகிற மாதிரி இருக்கும். அதற்காகத்தான்.

காலைக் கழிக்க அனுமதி கேட்டு மூன்று மனுப் போட்டாள். மூன்றும் 'காத்திருக்கவும்' என்ற ஒற்றைச் சொல்லோடு திரும்பி வந்தன.

"நேரே போயி தலைவர் கால்ல விழுக்கா" என்றான் ஆவுடை.

"அவருக்கு ஏதுல காலு?"

"விழணும்னு நினைச்சவனுக்குக் கால் இல்லாமலா போவும்?"

"நீ விழுந்துதான் வாங்குனியோ?"

"ஆமா, விழுந்தேன். இப்ப அதுக்கு என்ன? உன்னைக் கூட்டிட்டுப் போவலன்னு கோவம், அவ்வளவுதான. ஒத்தையில இருக்க முடியலன்னா வாயைத் தொறந்து..."

"யாருக்குல ஒத்தை? எனக்கு ஒருத்தரும் வேண்டாம். இனிமே கூப்பிட்டுராத!"

திரையை அணைத்தாள். அப்புறம் வெகுநேரம் அணைந்த திரைக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் மையக்கூட்டுக்குப் போனபோது ஜனம் ஈக்கூட்டம் போல மொய்த்துக்கொண்டிருந்தது. உடம்பிலிருந்து போன கால் பேச்சிலிருந்து போகவில்லை. "காலாகாலத்துல பயலுக்கு ஒரு கால்கட்டுப் போடணும்" என்றாள் ஒருத்தி. "அவன் என் கால் தூசிக்குப் பெறுவானா?" என்றான் ஒருவன். "ஏன் கால்ல வெந்நீரைக் கொட்டின மாதிரி ஓடுத?" என்று இன்னொருவன் மிதந்துபோகிறவனை அதட்டினான். ஒவ்வொரு சொல்லுக்கும் கோமு தன்னையறியாமல் குனிந்து தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டாள், தன்னைத்தான் யாரோ கூப்பிட்டது போல. ஒருவரும் கூப்பிடவில்லை. உதைத்துவிடுவாளோ என்று ஒதுங்கித்தான் போனார்கள்.

தலைவர் தெய்வநாயகத்தின் கூடத்தில் வரிசை நீண்டிருந்தது. உயரமான ஆசனத்தில் பட்டு வேட்டியோடு அவரைப் பட்டையால் கட்டி வைத்திருந்தார்கள். வேட்டிக் கரைக்குக் கீழே இரண்டு ரப்பர் பாதங்கள்.

மேலும் கீழும் இல்லாத இடத்தில் மனிதன் எப்படிக் காலில் விழுவான்? அதற்கும் வழி கண்டிருந்தார்கள். இடுப்பில் கொக்கி மாட்டியதும் தாழ்வுக்கயிறு ஆளை இழுத்துப்போய்ப் பாதங்களின்மேல் சேர்க்கும். ஒரு நிமிடம் கழித்து மணியடித்துத் திரும்ப இழுத்துக்கொள்ளும். நிலையத்தில் காற்று இயந்திரத்துக்கு மாற்று இயந்திரம் ஒன்றுதான். தாழ்வுக்கயிற்றுக்கு இரண்டு.

கோமுவின் முறை வந்ததும் தலைவர் மற்றவர்களை வெளியே அனுப்பினார்.

"கொக்கியெல்லாம் வேண்டாம்மா. உங்க மனு மூணும் எங்கிட்டதான் இருக்கு."

"அப்ப ஏன்யா காத்திருன்னு..."

"நிலையத்துலயே கடைசி ஜோடி உங்களுது. கழிச்சுட்டா அப்புறம் எங்க போறது?" பெருமூச்சு விட்டார். "இது ரப்பரு. ஜனத்துக்குத் திருப்தி இல்ல. சூடு இல்லைங்காங்க. போன பொங்கலுக்கு ஒருத்தர் கும்பிட்டு எழும்புதாரு, பெருவிரல் கையோட போயிட்டு."

கோமு சிரித்துவிட்டாள். தலைவர் சிரிக்கவில்லை.

"நடக்கதுக்குத்தான் காலுன்னு நினைச்சுக் கழிச்சுட்டோம். கழிச்ச பெறகுதான தெரியுது!"

விஷயம் இதுதான். ஆசனத்துக்கு அடியில் ஒரு பெட்டி. அதற்குள் கோமு படுத்துக்கொள்ள வேண்டும். பாதங்கள் மட்டும் வேட்டிக்குக் கீழே வெளியே. பின்வழியாக வந்து பின்வழியாகப் போக வேண்டும். பெட்டிக்குள் இருக்கும்வரை வாய் திறக்கக் கூடாது. திறந்தால் அன்றோடு சரி. வெளியே யாரிடமும், தம்பியிடம்கூடச் சொல்லக் கூடாது. பதிலுக்கு, இரண்டு மணி நேரச் சட்டம் அவளுக்குத் தளர்த்தப்படும். எட்டு மணி நேரம் மையக்கூட்டிலேயே இருக்கலாம்.

"பேச்சுச் சத்தம் கேக்குமா?"

"என்னது?"

"ஜனங்க பேசுதது. உள்ள கெடக்கிறவளுக்குக் கேக்குமா?"

"அதெல்லாம் நல்லாக் கேக்கும்."

"அப்ப எம் மனு?"

"என் பதவிக்காலம் முடியட்டும். மொதக் கையெழுத்து உங்களுக்குத்தான்."

"அது எப்பய்யா முடியும்?"

"ஆயுள் பதவிம்மா."

எட்டு மணி நேரம் மனிதக் குரல். கோமு பெட்டியின் மூடியைத் தூக்கினாள்.

மறுவாரமே வரிசை இரண்டு மடங்காகிவிட்டது. "சூடா இருக்கு, பாத்தியா?" "தலைவருக்கு முளைச்சிட்டுப் போல!" என்று கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். யாருடைய கால் என்று ஒருவரும் கேட்கவில்லை. விழுகிறவர்கள் காலைப் பார்ப்பதில்லை. கண்ணை மூடிக்கொள்கிறார்கள். இருட்டுப் பெட்டிக்குள் கோமு அத்தனையையும் கேட்டுக்கொண்டு கிடந்தாள். புருஷனைப் பற்றிய புகார், இடமாற்றம், தண்ணீர்ப் பங்கு, பக்கத்து அறைக்காரியின் பொறாமை. நாளுக்கு நானூறு பேர் அவளைத் தொட்டார்கள். சிலர் அழுதார்கள். அழுத ஈரம் விரலிடுக்கில் ஒட்டிக்கொண்டு நிற்கும். "அழாத தாயி" என்று சொல்ல நாக்கு துடிக்கும். பல்லைக் கடித்துக்கொள்வாள். வேலை முடிந்து, ஒரு சொல்லும் பேசாத வாயோடு சுழல்வட்டத்துக்குத் திரும்புவாள்.

நாலாவது மாதம் ஒருநாள், கொக்கி மாட்டும் சத்தம் கேட்டது. இரண்டு கைகள் அவள் பாதங்களைப் பற்றின. பிறகு இன்னும் இரண்டு. நடுவில் ஒரு நெற்றி வந்து படிந்தது.

"ஐயா, நான் ஆவுடையப்பன். அஞ்சாறு மாசத்துக்கு முன்னாடி எனக்குக் கழிச்சு விட்டீங்க."

கோமுவின் கால்விரல்கள் பத்தும் மடங்கின. நாலு கைகளும் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டன.

"எங்கக்கா வட்டத்துல கெடக்காய்யா. மூணு மனுப் போட்டுட்டா. வாய்தான் பெருசா பேசுவா. கூப்பிடாதன்னு சொன்னா, நானும் ரோசத்துல கூப்பிடல. இப்பக் கூப்பிட்டா எடுக்கவே மாட்டேங்கா. பகல் பூரா எடுக்கல. சாயந்தரமும் கோவத்துல எடுக்கமாட்டேங்கா. பேச்சுத்துணைக்கு ஒரு சீவன் இல்லாம அங்க என்ன ஆனாளோன்னு... அவ காலை எடுத்துருங்கய்யா. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

கோமு வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். மேலே, ஆசனத்தில், தெய்வநாயகம் மத்தியானச் சாப்பாட்டின் களைப்பில் மெல்லக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மணி அடித்தது. கயிறு இழுக்கத் தொடங்கியது. மூன்று கைகள் நழுவின. நாலாவது கை மட்டும் அவள் கணுக்காலை விடவில்லை.

"கயிறு இழுக்குது... ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கய்யா, எங்கக்காகிட்டப் போயி நான் என்னன்னு சொல்லட்டும்?"